செதிலும் தலைத்துண்டும்

மூன்று மாதம் முன்பு சென்னையிலிருந்து என் மகள் போன் செய்தாள். தலையில் நெடுநாளாகப் பொடுகு என்று நினைத்துக்கொண்டிருந்தது பொடுகு இல்லையாம். தோல் டாக்டர் பார்த்துவிட்டு ஸ்கால்ப் சொரியாசிஸ் என்று சொல்லியிருக்கிறார். "அப்பா, இது போகவே போகாதாமே" என்று குரல் உடைந்து கேட்டாள். நான் சமாதானமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய் மாமாவைப் பார்த்துவிட்டு வா" என்றேன். அவள் மாமா, அதாவது என் மச்சினன், இந்த நோயோடு நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துபவன். நோய் வந்த கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை இதுவரை எழுதியதில்லை.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் பிறந்தவன். அப்பா வலை போட்டார். என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றேன். 1976இல் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பெண் எடுத்தேன். அப்போது பொன்னேரியிலிருந்து பஸ் எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. ஏரியில் படகு, கடலில் கட்டுமரம், கரையெல்லாம் கருவாடு. இறால் பருவத்தில் எந்தக் கூட்டத்துக்கு எந்த இடத்தில் 'பாடு' என்று பெரியவர்கள் உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள்.

மச்சினனுக்கு 1981 வாக்கில் தலையில் ஆரம்பித்தது. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. முதலில் காதுக்குப் பின்னால், பிறகு பிடரி, பிறகு நெற்றி மயிர்க்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே வந்தது. சிவந்த தோலின் மேல் வெள்ளி மாதிரி கெட்டியான செதில். சீப்பு வைத்தால் அடை அடையாகப் பெயரும், பெயர்ந்த இடத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்கும். கறுப்புச் சட்டை போட்டால் தோளெல்லாம் மாவு தூவியது போலிருக்கும். அவன் தலைத்துண்டைக் கழற்றுவதை நிறுத்திவிட்டான். ராத்திரி படுக்கும்போதும் துண்டுதான்.

அந்த ஊரில் தலைத்துண்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்கள் வியாபாரத்துக்கெல்லாம் பழவேற்காடுதான் தலை. இங்கிருந்து கப்பலேறிய சாயமிட்ட கட்டம்போட்ட கைக்குட்டைகள் ஊர் பெயராலேயே வெளிநாட்டில் விற்றன. ஆங்கில அகராதியில் 'புல்லிகேட்' என்றால் வர்ணக் கைக்குட்டை என்று பொருள் போட்டிருப்பார்கள், அது இந்த ஊர் பெயர்தான். பிரெஞ்சுக்காரர்களின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் இன்றும் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்றே பெயர். உலகம் தலையை அலங்கரித்துக்கொள்ளத் துணி அனுப்பிய கரையில், என் மச்சினன் தலையை மறைக்கத் துண்டு கட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. முக்காடு போட்ட ஒருவன் கையில் மரக் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு போகிறான், ஜனங்கள் விலகி ஓடுகிறார்கள். அவன் 'லெப்ரோ', பெருநோய்க்காரன். அந்தப் படம் எனக்கு ராத்திரிக் கனவில் வரும். மச்சினன் துண்டு ஒருநாள் நழுவியபோது அந்தப் படம்தான் என் கண்ணில் வந்து நின்றது. மாமியார் வீட்டில் அவன் குடித்த டம்ளரைத் தொடவில்லை. ஊர் திரும்பியதும் மனைவியிடம், "எனக்கென்னவோ இது பெருநோயின் ஆரம்பம் மாதிரி தெரிகிறது. பிள்ளையை அங்கே அனுப்பாதே" என்றேன். அவள் தன் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். குப்பத்தில் ஓலைச் சுவர். ஒரு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. 'ஆபீசில் இருக்கிற மாப்பிள்ளையே சொல்லிட்டாராம்' என்பதால் பேச்சுக்குக் கூடுதல் மதிப்பு வேறு.

அப்போது என் கொழுந்தியாளுக்குப் பேசி முடித்து வைத்திருந்தார்கள். பையன் பக்கத்துக் குப்பம். அவர்கள் ஆள் அனுப்பி, "பொண்ணு மேல குறை ஒண்ணுமில்ல, வீட்டுல நோவு இருக்குன்னு சொல்றாங்க" என்று வெற்றிலைத் தட்டைத் திருப்பிவிட்டார்கள். மச்சினனுக்கு முடிவெட்ட வந்துகொண்டிருந்தவரும் வரவில்லை.

ஏன் இந்த நோயைப் பெருநோய் என்று எண்ணினேன் என்பதைப் பிற்காலத்தில் தேடிப் படித்தேன். ஓய்வுக்குப் பிறகு நேரமும் உண்டு, பிரெஞ்சும் கொஞ்சம் மிச்சம் உண்டு. படித்தபோது வெட்கம் பாதி குறைந்தது, பாதி கூடியது. குறைந்ததற்குக் காரணம், இதே தவறை உலகத்து மருத்துவர்கள் இரண்டாயிரம் வருஷமாகச் செய்திருக்கிறார்கள்.

கிரேக்க மொழியில் 'லெபிஸ்' என்றால் செதில், மீன் செதில் உட்பட. அதிலிருந்து வந்ததுதான் 'லெப்ரா'. அந்தக் காலத்துக் கிரேக்க வைத்தியர்கள் செதில் உதிரும் தோல் நோய்களுக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். இன்று நாம் தொழுநோய் என்பதை அவர்கள் யானையின் பெயரால் அழைத்தார்கள். வேதாகமத்தை எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்த்தவர்கள் அங்கே தீட்டான தோல் நோய்க்கு இருந்த சொல்லை 'லெப்ரா' என்று போட்டார்கள். அதோடு செதிலும் தீட்டும் ஒட்டிக்கொண்டன. நம் பக்கமும் சளைத்ததில்லை. ஆயுர்வேதத்தில் குஷ்டம் 18 வகை. அதில் ஒன்றான ஏககுஷ்டத்தைச் சரகர் மீன் செதிலுக்கு ஒப்பிட்டிருக்கிறார். இன்றைய ஆயுர்வேத வைத்தியர்கள் சொரியாசிஸை அதோடுதான் பொருத்திப் பார்க்கிறார்கள். சித்த வைத்தியத்தில் இதற்குக் காளாஞ்சகப் படை என்று பெயர். கிரேக்கனுக்கும் சரகருக்கும் மீன் செதில்தான் உவமை என்றால், மீன்பிடிக்கும் ஊரில் வேறு எது தோன்றும்?

வேடிக்கை என்னவென்றால் உண்மையான தொழுநோயில் இப்படிச் செதில் அடுக்கு வராது. தோல் நிறம் மங்கி, உணர்ச்சி செத்துப்போகும். பெயரில் செதில் இருக்கும் நோயில் செதில் இல்லை. செதில் உள்ள நோய்க்காரனோ பெயரைக் கேட்டே ஒதுக்கப்பட்டான். பிரான்சில் 1321இல் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று பழி சுமத்திப் பெருநோயாளிகளைப் பிடித்து எரித்தார்கள். அந்தக் காலத்துத் தொழுநோய் விடுதிகளில் சொரியாசிஸ்காரர்களும் அடைபட்டிருக்கலாம் என்பது சரித்திர வைத்தியர்கள் பலருடைய எண்ணம்.

பாரிசில் சேன் லூயி மருத்துவமனை என்று ஒன்று உண்டு. நான்காம் ஹென்றி 1607இல் கொள்ளைநோய்க்காரர்களுக்காகக் கட்டத் தொடங்கியது. 1801இல் அங்கே அலிபேர் என்ற டாக்டர் வந்தபிறகு தோல் நோய்க்கே பேர்போன இடமாயிற்று. அவர் தோல் நோய்களையெல்லாம் ஒரு மரமாக வரைந்தார். கிளைக்கொரு குடும்பம், கொம்புக்கொரு நோய். அதே காலத்தில் லண்டனில் ராபர்ட் வில்லன் 1808இல் வெளியான நூலில் இந்த நோயைத் துல்லியமாக எழுதினார். ஆனால் பெயரில் 'லெப்ரா' என்பதை விடவில்லை. கடைசியில் 1841இல் வியன்னாவில் ஹெப்ரா என்பவர்தான் இது வேறு, தொழுநோய் வேறு என்று ஒரேயடியாகப் பிரித்தார். நார்வேயில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873இல். அப்படிப் பார்த்தால், ஹெப்ரா பிரித்து 140 வருஷம் கழித்து நான் மறுபடி சேர்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஹெப்ராவின் வேலையைச் செய்தது ஒரு கோழி இறகு. 1982இல் தொழுநோய்க் கணக்கெடுப்புக்குக் குப்பம் குப்பமாகச் சுகாதார ஊழியர்கள் வந்தார்கள். தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955லேயே தொடங்கியது. வீடு வீடாகப் பார்ப்பது அதன் வழக்கம். ஊர்க்காரர்களே மச்சினன் வீட்டைக் காட்டிக்கொடுத்தார்கள். வந்தவர் வயசானவர். அவனைத் திண்ணையில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். இறகால் பிடரி, நெற்றி, முழங்கை என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொட்ட இடத்தையெல்லாம் இவன் விரல் வைத்துக் காட்டினான். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் அன்று அங்கே இருந்தேன். கூடி நின்றவர்களைப் பார்த்து அவர் உரக்கச் சொன்னார்: "மரத்துப்போகலம்மா. இது பெருநோவு இல்ல. ஒட்டுற நோவும் இல்ல. தம்பியப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரி தோல் வார்டுக்கு அனுப்புங்க." போகும்போது அவன் துண்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒரு வருஷமாகத் தொடாத துண்டு.

பெரியாஸ்பத்திரி போவதற்கு முன் அவன் பட்டது வேறு. கரப்பான் பண்டம் என்று மாமியார் இறால், நண்டு, கருவாடு மூன்றையும் நிறுத்தினார். ஏரிக்கரைப் பிள்ளைக்கு வேறென்ன சாப்பாடு? இறாலைத் தானே பிடித்துக் கரை சேர்த்துவிட்டு ரசத்தோடு சோறு தின்றான். ஒரு வருஷத்தில் உடம்பு இளைத்தது, செதில் இளைக்கவில்லை. மீன் தின்றால் இந்த நோய் வரும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. சாராயமும் பீடியும் இதைக் கூட்டும் என்பதற்கு நிறைய உண்டு. அதை யாரும் அவனுக்கு நிறுத்தச் சொல்லவில்லை!

அடுத்தது தேங்காய் நார். செதிலைத் தேய்த்து எடுத்துவிட்டால் நோய் போய்விடும் என்று யாரோ சொல்ல, நாரால் ரத்தம் வரத் தேய்த்தான். இரண்டு வாரத்தில் தேய்த்த இடமெல்லாம் புதுப் படை. ஜெர்மன் டாக்டர் கோப்னர் 1872லேயே இதைச் சொல்லியிருக்கிறார். அவருடைய நோயாளி ஒருவருக்குக் குதிரை கடித்த காயத்திலும் பச்சை குத்திய இடத்திலும் அதே வடிவில் படை வந்ததாம். தோலைக் காயப்படுத்தினால் நோய் அங்கே குடியேறும். வீட்டில் பார்த்துக்கொள்ளும் வைத்தியத்துக்கெல்லாம் இதுதான் முதல் பாடம், செதிலைப் பிய்க்கக்கூடாது, ஊறவைத்துத் தானே விழவிட வேண்டும்.

இதற்கு உலகம் தேடிய மருந்துகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் பாஷாணத் திராவகத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கக் கொடுத்தார்கள். படை குறையும், சில வருஷம் கழித்துப் புற்று வரும். பிறகு 'கோவாப் பொடி' வந்தது. பிரேசில் நாட்டு மரம் ஒன்றின் பொந்தில் சேரும் மஞ்சள் தூள் அது. போர்த்துகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து, படர்தாமரைக்கு மருந்தாக நம் நாட்டில் விற்றது. 1876இல் லண்டன் டாக்டர் பால்மானோ ஸ்கொயர் சொரியாசிஸ் குணமாவதை எழுதியதும் மேல்நாட்டில் கிராக்கி ஏறிற்று. நல்ல மருந்துதான், ஆனால் தோலைப் பொசுக்கும், துணியைக் கறையாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. தலைக்குச் சரிப்படாது. முதல் உலகப்போர்ச் சமயத்தில், 1916இல், ஜெர்மானியர் அதற்குப் பதிலாகச் செயற்கையாக ஒன்று செய்துகொண்டார்கள்.

1925இல் அமெரிக்காவில் கோக்கர்மன் என்பவர் நிலக்கரித் தாரைப் பூசிப் புறஊதா வெளிச்சம் காட்டினார். அந்தத் தார் இன்றும் ஷாம்பூவில் இருக்கிறது. (படகுக்குப் பூசும் கீலும் தார்தானே என்று தலையில் பூசிக்கொண்ட ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். தோல் வெந்துபோயிற்று. மருந்துத் தார் வேறு.) 1950களில் ஸ்டீராய்டு களிம்பு வந்தது. 1985இல் ஜப்பானில் எலும்புத் தேய்மானத்துக்கு வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருவருக்கு எதிர்பாராமல் படை மறைந்தது. அதிலிருந்து இன்னொரு வகைக் களிம்பு பிறந்தது.

சென்னையில் மச்சினனுக்குத் தாரும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த களிம்பு கொடுத்தார்கள். நாற்றம் தாங்காது, ஆனால் மூன்று மாதத்தில் நெற்றி தெளிந்தது. டாக்டர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சாதாரணத் தோல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் எடுக்கும். இந்த நோயில் நாலைந்து நாளில் வந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது, அதுதான் செதில். கடலோரத்தில் வெயில் படும் உடம்பு தெளிவாக இருக்க, மயிரும் துண்டும் மூடிய தலை மட்டும் ஏன் விடாமல் பிடிக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. வெயில் இந்த நோய்க்கு அளவோடு நல்லது. அவனோ வெட்கத்தில் வெயிலையும் மூடி வைத்திருந்தான்.

எண்பதுகளின் கடைசியில் யாரோ சொல்லி அரும்பாக்கத்துச் சித்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனான். அங்கே 777 எண்ணெய் என்று கொடுத்தார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுத்தது. மத்திய சித்த ஆராய்ச்சியில் இந்த நோய்க்கென்றே சோதித்துப் பார்த்த மருந்து. மச்சினன் அதைப் பார்த்துக்கொண்டு வந்து வீட்டிலேயே போடத் தொடங்கினான். கண்ணாடிப் பாட்டிலில் வெட்பாலைத் தழையைக் கிள்ளிப் போட்டு, மூழ்கத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் வெயிலில் வைப்பான். எண்ணெய் கருநீலமாக, கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் நாட்டு மருந்துக்கடைக்காரர் குடசப்பாலையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். இந்த வெட்பாலை இலையிலிருந்து ஒரு காலத்தில் தென்னாட்டில் நீலச் சாயம் எடுத்தார்கள். முதல் தடவை அவன் தலையணை உறை நீலமானபோது மாமியார், "போற ஜென்மத்துல சாயக்காரனா இருந்தியாடா?" என்றார்.

அவன் இன்றும் செய்வது இவ்வளவுதான். வாரம் இரண்டு ராத்திரி எண்ணெயைத் தலைத்தோலில் விரல்நுனியால் தடவி, பழைய துணியால் கட்டிப் படுப்பான். காலையில் அகலப்பல் சீப்பால் முடியை நீவுவான், சுரண்டமாட்டான். விழுவது விழட்டும். பிறகு தார் ஷாம்பூவை ஐந்து பத்து நிமிஷம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுவான். அதிகமாகக் கிளம்பினால் மட்டும் டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு லோஷன், அதுவும் அவர் சொன்ன வாரக் கணக்குக்குமேல் கிடையாது. ஒருமுறை 'அடியோடு போக்கும்' என்று வழியில் வந்த ஒருவன் கொடுத்த மாத்திரையை விழுங்கினான். பத்தே நாளில் தலை கண்ணாடி மாதிரி ஆயிற்று. நிறுத்தியதும் உடம்பு முழுக்கச் சீழ்க்கொப்புளம் வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாம். காலை எழுந்ததும் விரல் மூட்டு வீங்கிப் பிடித்துக்கொண்டால் எண்ணெயோடு உட்காராமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். இந்த நோய் சிலருக்கு மூட்டிலும் இறங்கும்.

என் மகள் ஞாயிற்றுக்கிழமை போனாள், நானும் கூடப் போனேன். இந்த நோய் ரத்த உறவில் வர வாய்ப்புண்டு என்பதால் தன்னால்தான் வந்ததோ என்று மச்சினனுக்கு ஒரு குறை. அவள் தலையைத் தன் மடியில் சாய்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தான். "எனக்கு இருந்ததுல கால்வாசிகூட இல்லம்மா. முடி கொட்டினாலும் திரும்ப வந்துரும். டாக்டர் குடுத்தத நிறுத்தாத, இது சும்மா ஊறவைக்கத்தான்" என்று நீல எண்ணெய்ப் பாட்டிலைக் கொடுத்தான். அவள் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவள் உள்ளே போனபிறகு, நாற்பது வருஷமாகத் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன். அந்த வார்த்தையை முதலில் சொன்னவன் நான்தான் என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும் மாமா" என்றான். "அக்கா சொல்லிச்சு."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. என் கொழுந்தியாளுக்கு 1984இல் வேறு இடத்தில் கல்யாணமாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறாள். அவளும் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கும் தெரிந்திருக்குமா என்று அவனிடம் கேட்க வாய் வரவில்லை.

"ஐப்பசி மழை புடிச்சா வெயில் கிடைக்காது" என்று அவன்தான் பேச்சை மாற்றினான். "புரட்டாசிக்குள்ள ரெண்டு பாட்டில் போட்டு வைக்கணும், பாப்பாவுக்கு ஒண்ணு. பொன்னேரியில தழை சொல்லி வச்சிருக்கேன். நீங்க அடுத்த வாரம் வரும்போது வாங்கிட்டு வந்துருங்க."